காற்றுக்கு ஆடும் காடா

பென்னாகரத்தில் மேற்கு பார்த்த சன்னல் உள்ள வீடுகளில் மாசி பிறந்துவிட்டால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கூடத்தில் உட்கார முடியாது. வெயில் நேராகத் தரையில் விழுந்து, பொழுது இறங்கும்வரை அங்கேயே கிடக்கும். அதே சன்னல்தான் ஆனி, ஆடியில் ஒகேனக்கல் பக்கத்துக் காற்றை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். அதனால் இந்த ஊரில் சன்னல் திரைக்கு இரண்டு வேலை. வெயிலை மறிக்க வேண்டும். காற்றை மறிக்கக் கூடாது.

ரெடிமேடாக விற்கும் பாலியெஸ்டர் திரைகளுக்கு இந்த இரண்டாவது வேலை வராது. பளபளப்பாக இருக்கும், சூடேறிக் கிடக்கும், கம்பியில் ஒட்டிக்கொள்ளும். பழைய சேலையைக் கிழித்து மாட்டுவது நம் வீடுகளில் எப்போதும் உள்ள வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் நைந்த சேலை மேற்கு வெயிலுக்கு ஓர் ஆண்டு தாங்கினால் பெரிது. இதற்கெல்லாம் மாற்றாக நான் நம்புவது காடாத் துணியை. சலவை செய்யாமல், சாயம் ஏற்றாமல், தறியிலிருந்து இறங்கிய கோலத்திலேயே வரும் பருத்தி. மெத்தை உறைக்கும் வடாம் காயவைப்பதற்கும் வாங்குவோமே, அதுதான். அமெரிக்காவில் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் தரையில் சிந்தாமலிருக்க விரிக்கும் தடித்த பருத்திக் கித்தானை வாங்கி, கோடு போட்டுச் சன்னலுக்கு மாட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவு, துணி கெட்டி என்பதுதான் அங்கும் காரணம். நம் ஊர் பெயின்டர்கள் தரையில் விரிப்பது பழைய சாக்கும் கிழிந்த வேட்டியும்தான்; அது திரைக்கு ஆகாது. ஆனால் அந்தக் கித்தானுக்கு ஈடான துணி ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிகளில் மலைமலையாக நெய்து இறங்குகிறது. நமக்குக் கைக்கெட்டும் தூரம்.

கணக்கு எளிது. நான்கடி அகலம், ஐந்தடி உயரம் உள்ள சன்னலுக்கு 48 அங்குலப் பன்னா காடாவில் நான்கு மீட்டர் போதும். இரண்டு மீட்டராக இரண்டு துண்டு. மேலே கம்பி நுழைய நான்கு அங்குலம், கீழ்மடிப்புக்கு ஐந்து அங்குலம், சுருங்குவதற்கு ஒரு கை கூடுதல். இரண்டு துண்டும் சேர்ந்தால் சன்னலின் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும். அந்த உபரி இருந்தால்தான் மடிப்பு விழும். சன்னல் அளவுக்கே துணி எடுத்தால் பலகை மாதிரி தொங்கும்.

சுருங்குவதைப் பற்றி எனக்குத் தைத்துக் கொடுக்கும் அக்கா கண்டிப்பானவர். "நனைக்காம எங்கிட்ட கொண்டாராதீங்க டீச்சர். தைச்சப்புறம் ஒரு துவை துவைச்சீங்கன்னா முழங்கால் பாவாடையாத்தான் நிக்கும்" என்பார். உண்மைதான். தறியில் இழை அறாமலிருக்கப் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அந்தக் கஞ்சி துணியிலேயே தங்கிவிடுகிறது. காடாவைக் கொதிநீர் ஊற்றி இரவு முழுக்க ஊறப்போட்டால் காலையில் தண்ணீர் பழுப்பாகி, ஊறிய தவிட்டின் வாடை அடிக்கும். கையை விட்டால் வழவழவென்று இருக்கும். இரண்டு மூன்று முறை அலசி, நிழலில் உலர்த்தி எடுத்தால் வேறு துணி. கெட்டித்தனம் போய்த் தளர்ந்திருக்கும். நீளத்தில் பத்தில் ஒரு பங்குவரைகூடக் குறைந்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பருத்திக்கொட்டையின் துணுக்குகள் அங்கங்கே கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சிலர் அதைக் குறை என்று நினைத்துப் பிளீச்சிங் பவுடரில் போடுகிறார்கள். வேண்டாம். அந்தப் பழுப்பும் புள்ளியும்தான் இந்தத் துணியின் முகம். மேற்கு வெயில் அதன் வழியாக வரும்போது கூடம் முழுக்கத் தேன்நிறம் பரவும். வெளுத்த துணியில் அது கிடைக்காது.

அடுத்தது வண்ணம். இங்கேதான் பலரும் அளவு மீறிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். துணி மலிவு, அதை மறைத்தாக வேண்டும் என்று முழுக்கப் பெயின்டைப் பூசுகிறார்கள். பூசிய இடமெல்லாம் விறைத்துப்போகும். விறைத்த திரை காற்றுக்கு ஆடாது. சன்னலில் போய் மோதிக்கொண்டு நிற்கும். வீட்டுக்குப் பூசி மிஞ்சிய எமல்ஷனே போதும். ஆனால் தாராளமாகத் தண்ணீர் விட்டு, துணியையும் லேசாக ஈரப்படுத்தி, கீழ்ப்பகுதியில் இரண்டு பட்டை மட்டும் இழுக்க வேண்டும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி அதன் ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்தால் கோடு கசியாது. கோலம் வேண்டுமென்றால் பழைய எக்ஸ்ரே பிலிமில் பிளேடால் வெட்டி அச்சாக வைத்து, ஸ்பாஞ்சைத் தொட்டுப் பிழிந்து ஒற்றலாம். துணிக்கென்றே விற்கும் வண்ணமானால் ஒருநாள் காயவிட்டு, பின்பக்கம் இஸ்திரிப் பெட்டி வைத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் பெயின்ட் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் சொன்னது இது: "எனாமலைத் துணியில தொடவே தொடாதீங்க. காஞ்சதும் மடிச்ச இடமெல்லாம் வெடிக்கும்."

முழுக்கப் பூசிய துணிக்கும் நம்மிடம் ஒரு பெரிய மரபு உண்டு, நாடகப் படுதா. திருவிழா நாடகங்களுக்கு வாடகைக்கு வரும் தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் எல்லாம் அதன் வாரிசுகள். அந்தக் காலத்துச் சீன்களில் பொடி வண்ணத்தை வஜ்ஜிரப் பசையில் குழைத்துத் துணி முழுக்கத் தீட்டினார்கள். கழியில் சுற்றி ஏற்றுவார்கள், இறக்குவார்கள், மடிக்க மாட்டார்கள். காலண்டர் படங்களால் தமிழ்நாட்டுப் பூசையறைகளையெல்லாம் நிரப்பிய சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குப் படுதா தீட்டியவர்தான். 1940களின் தொடக்கத்தில் கம்பெனியோடு கோவில்பட்டிக்கு வந்தார். கம்பெனி கலைந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். படுதாவில் பெரிய தூணையும் தோட்டத்தையும் தொலைவு தெரியத் தீட்டிய கைதான் பிறகு காலண்டரில் முருகனுக்குப் பின்னால் மலையையும் வானத்தையும் விரித்தது. அந்தக் கலையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் படுதா அசையக் கூடாத துணி. அரண்மனைத் தூண் காற்றில் நெளிந்தால் காட்சி கெட்டுவிடும்.

தெருக்கூத்தில் பிடிக்கும் திரை வேறு வகை. ஆளுக்கு ஒரு முனையாக இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். அதன் பின்னால் நின்று வேஷக்காரர் விருத்தம் பாடுவார். மேல் விளிம்புக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், துணி குலுங்கும். துரியோதனன் வரப்போகிறான் என்பதை அந்தக் குலுக்கலே சொல்லிவிடும். சன்னல் திரைக்கு உறவு இந்தத் துணியோடுதான்.

இன்னும் நெருங்கிய உறவு ஒன்று கோயிலில் இருக்கிறது. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும், சோழமண்டலத்துக் கருப்பூர் மரபிலும் தலைமுறைகளாகத் துணியில் எழுதிவருகிறார்கள். தேரில் தொங்கும் உருளை வடிவத் தொம்பை, சாமிக்கு மேலே கட்டும் விதானம், வாசலில் தொங்கவிடும் தோரணத் துணி எல்லாம் அவர்கள் கைவேலை. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை முழுக்க எழுதிய துணிகள்தான், ஆனாலும் விறைக்காது. காரணம், அவர்கள் மேலே பூசுவதில்லை, சாயத்தை இழைக்குள் இறக்குகிறார்கள்.

கலம்காரியில் கறுப்பு பிறக்கும் விதத்தை ஒருமுறையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். காடாவை அலசி, கடுக்காய்த் தூளும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவார்கள். பாலில் உள்ள கொழுப்பு மை கசிந்து பரவாமல் தடுக்கும். துணி இளமஞ்சளாக இருக்கும். இன்னொரு பானையில் வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க வைத்திருப்பார்கள். மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, சற்று மேலே கம்பளியோ துணியோ சுற்றி நூலால் கட்டினால் எழுதுகோல். அதை அந்த நீரில் தோய்த்து, சுற்றிய துணியை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே கோடு இழுப்பார்கள். பானையில் இருக்கும்போது அந்த நீருக்குச் சொல்லும்படியான நிறமில்லை. மஞ்சள் துணியைத் தொட்ட கணத்தில் கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து இழைக்குள்ளேயே கறுப்பாகிவிடுகின்றன. அதனால் துவைத்தாலும் போவதில்லை. சிவப்புக்கு வழி வேறு: படிகாரமும் சாயவேரும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரும்புக் கறுப்பு நாளடைவில் பருத்தியை அரிக்கும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பது அதனால்தான். ஆகவே கறுப்பு மெல்லிய கோடாக இருக்க வேண்டும், நிரப்பலாக இருக்கக் கூடாது.

இந்தச் சாயத் துணிகள் கப்பலேறி ஐரோப்பாவின் சன்னல்களிலும் கட்டில்களிலும் தொங்கின. அங்குள்ள நெசவாளர்கள் பிழைப்பு போகிறதென்று கொதித்தார்கள். பிரான்சு 1686இல் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் இத்தகைய பருத்தித் துணிகளை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடுத்தது. 1770களில் லண்டனின் புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக்கின் கட்டிலுக்கு மசூலிப்பட்டினத்தில் எழுதிய திரைகள் பரிசாகப் போய்ச் சேர்ந்தபோது சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். அந்தக் கட்டில் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் கடற்கரையில் கடுக்காயும் சாயவேரும் கொண்டு எழுதிய ஒரு திரைச்சீலைக்கு ஒரு நாடே சட்டம் போட்டுப் பயந்தது என்பதை என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

அதனால்தான் கூடத்துச் சன்னலுக்கு எமல்ஷன் பட்டை போட்ட பிறகு, படுக்கையறைத் திரைக்குக் கடுக்காய் நீரை எடுத்துக்கொண்டேன். பெரிய சித்திரம் எதுவும் இல்லை. ஓரம் முழுக்க ஒரு புளியங்கொத்து, அவ்வளவே. எழுதுவதற்கு முன்னால் அடிக்கோடு போடக் கலம்காரிக்காரர்கள் சுட்ட புளியங்குச்சியைத்தான் கரியாகப் பயன்படுத்துகிறார்கள். தர்மபுரி மாவட்டத்தில் புளியமரத்துக்கா பஞ்சம்? அடுப்பில் பாதி எரிந்த குச்சியை எடுத்துக் கோடு போட்டேன். ஓரத்தில் கருங்கோடு ஏறிய பிறகும் துணி மற்ற இடத்தைப்போலவே தளர்ந்து விழுகிறது, காற்று வந்தால் முழுசாக எழும்பி அறைக்குள் வருகிறது. செலவு என்று பார்த்தால் எமல்ஷன் பட்டையைவிடக் குறைவு. கூடுதலாகக் கேட்பது பொறுமையை மட்டும்தான்.

இதை எண்ணும்போது எனக்கு ஒரு ஆசை எழுகிறது. காடா ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் வந்துவிடும். கடுக்காய் நாட்டுமருந்துக் கடையில் உண்டு. வெல்லம், துரு, மூங்கில், புளியங்கரி எல்லாம் காலடியில். சிவப்புக்குச் சாயவேர் மட்டும் வெளியிலிருந்து வர வேண்டும். கறுப்பும் பழுப்பும் போதுமென்றால் அதுகூட வேண்டாம். ஒகேனக்கலுக்கு வருகிறவர்கள் பரிசலில் போகிறார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள், பொரித்த மீன் சாப்பிடுகிறார்கள், திரும்பிப் போகிறார்கள். இந்த மண்ணின் துணி என்று கையில் எடுத்துக்கொண்டு போக அங்கே எதுவும் கண்ணில் படுவதில்லை. பென்னாகரத்து மகளிர் குழு ஒன்று பரிசலையும் புளியங்கொத்தையும் எழுதிய சன்னல் திரைகளை அங்கே விரித்து வைத்தால் வாங்குவார்கள் என்று நம்புகிறேன்.

விற்பனைக்கு முன்னால் கை பழக வேண்டும். அதற்கு எங்கள் பள்ளியின் மேற்கு வகுப்பறை இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் அங்கே கரும்பலகை கண்ணைக் கூசவைக்கிறது. நான்கு சன்னல், பதினாறு மீட்டர் காடா. தைக்கும் அக்காவிடம் பேசிவிட்டேன். முதலில் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.