எந்த நேரம் நிண்டு எழும்புது?

"ரீவி தன்பாட்டில நிண்டு நிண்டு எழும்புது" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவரிடம் என்ன கம்பனி, எத்தனை இஞ்சி, வாங்கி எத்தனை வருசம் என்று நான் முதலில் கேட்பதில்லை. எந்த நேரத்தில் நிற்கிறது, போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு நிற்கிறது என்றுதான் கேட்பேன். சிலருக்கு அது எரிச்சலாக இருக்கும். "திறந்து பாத்தால் தெரியாதே தம்பி?" என்பார்கள். திறந்தால் தெரிவது பாதிதான். மிச்சம் அவர்கள் வீட்டுப் பிளக்கிலும் பக்கத்துத் தோட்டத்திலும் சுவர் மணிக்கூட்டிலும் இருக்கிறது.

படம் இல்லை, சத்தம் இல்லை என்று வருகிற ரீவிகள் நேர்மையானவை. உள்ளே ஏதோ ஒன்று செத்திருக்கும். அதைத் தேடிப் பிடித்து மாற்றினால் வேலை முடிந்தது. நின்று நின்று எழும்புகிற ரீவியில் எதுவும் முழுதாகச் சாகவில்லை. ஏதோ ஒன்று களைத்திருக்கிறது. மீட்டரை வைக்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும், மீட்டரை எடுத்ததும் திரை இருண்டு கம்பனிப் பெயர் மறுபடி வரும்.

ஸ்மார்ட் ரீவி என்பது பெரிய திரை பூட்டிய கொம்பியூட்டர். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டைப் பவர் போர்ட் 12 வோல்ட் ஆக்கிக் கொடுக்கிறது. மெயின் போர்டில் உள்ள சின்னச் சின்ன மாற்றிகள் அதை 5, 3.3, 1.8 என்று இறக்கி, கடைசியில் புரொசெசரின் வாசலில் ஒரு வோல்ட் அளவில் கொண்டுபோய் விடுகின்றன. இந்தப் படிகளில் ஏதாவது ஒன்று கண நேரம் எல்லைக்குக் கீழே போனாலும், காவலுக்கு இருக்கும் சுற்று புரொசெசரை நிறுத்தி முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். மென்பொருள் எங்காவது சிக்கி நின்றால் வாச்டோக் என்கிற உள்மணிக்கூடும் அதையே செய்யும். ஆகவே திரும்ப எழும்புவது ரீவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பழுது அதற்கு முந்திய கணத்தில் நடந்து முடிந்திருக்கும்.

பழைய பெட்டி ரீவிக்கு இந்தப் பழக்கம் கிடையாது. வோல்டேஜ் இறங்கினால் படம் நாலு பக்கமும் சுருங்கும், கரண்ட் தெளிந்ததும் விரியும், அவ்வளவுதான். ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு தூரதர்சன் பார்க்க இங்கே யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரைகளுக்கு மேல் அன்ரனாக்கள் உயர்ந்தன. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றபோது, சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். ஜெனரேட்டரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோம். ஜெனரேட்டர் இருமினால் படம் ஒருக்கா ஆடும், ரீவி நிற்காது. அந்த நினைவோடு இருக்கிறவர்கள் இப்போதைய ரீவியைப் பார்த்து "அந்தக்காலச் சாமான் மாதிரி வருமே" என்கிறார்கள். சாமானின் தரத்தை விட்டுவிடுவோம். பழையதற்கு நினைவில் வைத்திருக்க ஒன்றுமில்லை, அதனால் இடையில் ஒரு கணம் தடுமாறினாலும் தெரியாது. புதியதற்கு ஒரு கணம் தவறினால் அன்ட்ரோயிட் முழுவதையும் மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் போகும், சில ரீவிகளில் அதற்கும் மேலே.

நீர்வேலியில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறவன் முதலில் படிக்க வேண்டியது இறைப்பு நேரங்களை. செம்மண் பூமி, வாழையும் புகையிலையும் வெங்காயமும் கிணற்றுத் தண்ணீரில் நிற்கிற ஊர். தோட்டத்து மோட்டர் எழும்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், வயர் முடிகிற இடத்தில் இருக்கும் வீட்டில் அந்தக் கணம் பல்ப் மங்குவது கண்ணுக்கே தெரியும். இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் கூடலாம் குறையலாம். அதாவது 216இற்குக் கீழே போகக்கூடாது. வயர் முடிகிற வீடுகளில் மாலையில் 180ஐ நான் மீட்டரில் பார்த்திருக்கிறேன்.

இப்படியான வீட்டுக்காரர் செய்கிற முதல் வேலை ஸ்ரெபிலைசர் வாங்குவது. அதற்குப் பிறகுதான் ரீவி நின்று நின்று எழும்பத் தொடங்கும். இதை நம்ப வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. "காப்பாத்த வாங்கின சாமான் எப்பிடித் தம்பி கெடுக்கும்?" என்று ஒரு தோட்டக்கார ஐயா என்னோடு சண்டைக்கே வந்தார். மலிவான ஸ்ரெபிலைசர்கள் ரிலேயால் வேலை செய்கின்றன. வோல்டேஜ் இறங்கினால் ரிலே ஒரு முனையை விட்டு அடுத்த முனைக்குத் தாவும். "டக்" என்று கேட்பது அதுதான். அந்தத் தாவலுக்கு நடுவில், மிகச் சிறிய நேரம் என்றாலும், ரீவிக்குக் கரண்ட் இல்லை.

அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பது பவர் போர்டின் தொடக்கத்தில் நிற்கும் பெரிய கப்பாசிட்டர். கணக்கைச் சொல்கிறேன், விருப்பமில்லாதவர்கள் அடுத்த பந்திக்குத் தாவலாம். 100 மைக்ரோஃபராட் கப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட் கரண்டில் 325 வோல்ட் வரை நிறையும். ரீவி 60 வோட்ஸ் இழுக்கிறது, 200 வோல்ட்டுக்கு இறங்கும் வரை பவர் போர்ட் தாங்கும் என்று வைத்தால், சேமிப்பு ஏறக்குறைய 55 மில்லிசெக்கனுக்குப் போதும். வீட்டுக் கரண்டே 180ஆக இருந்தால் 20 மில்லிசெக்கன்தான். கப்பாசிட்டர் வயதாகிப் பாதியாகத் தேய்ந்திருந்தால் 10. ரிலே தாவ எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். மோட்டர் எழும்ப ஒரு தாவல், நிற்க ஒரு தாவல். ரீவியும் அதற்கேற்றபடி நின்று எழும்பும்.

அந்த ஐயாவின் ரீவி என் மேசையில் பகல் முழுக்கப் பாடிக்கொண்டிருந்தது. கடைக்கு வரும் கரண்ட் நல்லது, ஸ்ரெபிலைசரும் இல்லை. அவர் சொன்ன நேரம் மட்டும்தான் துப்பு: விடிய ஆறரை, பின்னேரம் நாலு நாலரை. பெரிய கப்பாசிட்டரைக் கழற்றி அளந்தபோது அது தன் பேர்ப்பலகையில் எழுதியிருந்ததில் பாதிகூட இல்லை. மேலே வீங்கவும் இல்லை. வீங்கினால்தான் பழுது என்று நினைத்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது நல்ல கப்பாசிட்டர்.

கப்பாசிட்டரைப் பற்றி எங்கள் தொழிலில் ஒரு பெரிய கதையே உண்டு. 2006 முதல் 2008 வரை செய்யப்பட்ட சாம்சுங் ரீவிகள் பலவற்றில், போடும்போது "டிக், டிக்" என்று திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு படம் வராமல் இழுபடும் குறை இருந்தது. காரணம் பவர் போர்டில் இருந்த சில சின்னக் கப்பாசிட்டர்கள். அமெரிக்காவில் அது வழக்காகி, 2012இல் கம்பனி சமரசத்துக்கு வந்து இலவசமாகத் திருத்திக் கொடுக்க ஒத்துக்கொண்டது. சில்லறைக் காசுக்கு வாங்கும் சாமான் ஒன்று ஒரு கம்பனியை நீதிமன்றம் வரை இழுத்தது. உள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் காய்வதுதான் அதன் நோய். சூடு பத்துப் பாகை குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது எங்களுக்குள்ள பொதுக்கணக்கு. ஆகவே மாற்றும்போது 105 பாகை என்று அடித்ததைத்தான் போடுவேன். 85 பாகைச் சாமான் மலிவு, இந்த வெயிலுக்கு அது வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தப் பெரிய கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். யூடியூப்பைப் பார்த்து வீட்டில் பின்மூடியைத் திறக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நேரம் வேறு மாதிரி இருந்தால் வழியும் வேறு. போட்டு அரை மணித்தியாலம் நன்றாக ஓடி, பிறகு நின்று, நின்றபின் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா நிற்கிறது என்றால் அது சூடு. தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வைகாசியில், ஷோகேஸுக்குள் நாலு பக்கமும் மூடி வைத்த ரீவிகள் இப்படி வரும். புரொசெசருக்கு மேல் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டின் பசை காய்ந்து விட்டிருக்கும். ஒரு சின்ன ஃபேனை அதற்கு நேரே பிடித்ததும் குழப்படி நின்றுவிட்டால் நோய் பிடிபட்டது. மாரி மழையில் மட்டும் வருகிறதென்றால் நான் முன்பக்கத்து ஒன்–ஓஃப் பொத்தானைப் பார்ப்பேன். ஈரமும் பல்லி எச்சமும் சேர்ந்து, யாரும் தொடாமலே அந்தப் பொத்தானை அமத்திக்கொண்டிருக்கும். பல்லியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்; பவர் போர்டுக்குள் கருகிக் கிடக்கும் பல்லியைக் காணாத மெக்கானிக் இந்தக் குடாநாட்டில் இருக்க முடியாது.

நேரமே இல்லாமல், கம்பனிப் பெயர் வந்து அதே இடத்தில் விழுந்து விழுந்து எழும்புகிறதென்றால் நான் கழற்றத் தொடங்குவேன். முதலில் வெளியே குத்தியிருக்கும் பென்டிரைவ், எச்டிஎம்ஐ வயர், டிஷ் பெட்டி. பிறகு உள்ளே வைஃபை துண்டு. விரல் அகலமான இந்தப் போர்ட் பழுதாகி முழு ரீவியையும் இழுத்து விழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். பிறகு திரைக்குப் போகும் ரிபன். ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் 12 வோல்ட் முனையில் மீட்டரை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ரிபனைக் கழற்றியதும் ரீவி நிமிர்ந்து நின்றால் மெயின் போர்டில் குற்றமில்லை, திரைப் பக்கம் எங்கோ கரண்டைக் குடிக்கிறது. மெயின் போர்ட் போட்டுது என்று ஒருவர் தீர்ப்புச் சொல்லி, புதுப்போர்ட் போட்டும் சரிவராமல் என்னிடம் வந்தவை பெரும்பாலும் இந்த வகை.

இந்தக் காத்திருப்புத்தான் தொழில். பத்து நிமிடத்துக்கு ஒருக்கா வருகிற குறையைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல முடியாது. நான் திருத்திய ரீவியை, நின்ற இடைவெளியைப் போலப் பல மடங்கு நேரம் ஓடவிட்ட பிறகுதான் மூடியைப் பூட்டுவேன். வாசலில் நிற்கிற ஆள் "ஓடுதுதானே, தாங்கோவன்" என்பார். கொடுக்க மாட்டேன்.

எல்லாம் கழற்றியும் விழுந்துகொண்டிருந்தால் ரீவியையே பேசவைக்கலாம். அநேகமான மெயின் போர்டுகளில் மூன்று நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு சீரியல் முனை இருக்கும். மலிவான யூஎஸ்பி மாற்றி ஒன்றை அதில் கொழுவி லப்டொப்பில் பார்த்தால், ரீவி எழும்பும்போது செய்கிற ஒவ்வொன்றையும் வரிவரியாக எழுதிக்கொண்டு வரும். கடைசி வரி எங்கே அறுந்ததோ அங்கேதான் நோய். ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் அறுந்தால் நினைவகமோ மென்பொருளோ. வெவ்வேறு வரியில் அறுந்தால் திரும்பிப் போய்க் கரண்டைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமில்லை.

நினைவகம் என்பது ஈஎம்எம்சி எனும் சிப். அதில் எழுதி அழிக்கக்கூடிய தடவைகளுக்கு எல்லை உண்டு. நாம் படம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்க, ரீவி தன் குறிப்புகளை அதில் எழுதிக்கொண்டே இருக்கும். தேய்ந்துபோன சிப்புக்கு ஃபக்டரி ரீசெட் மருந்தல்ல. மென்பொருளிலேயே குறை என்றாலும் ரீசெட் எப்போதும் உதவாது: 2020 ஜூனில் சாம்சுங் புளூ–ரே பிளேயர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் இப்படி விழுந்து விழுந்து எழும்பத் தொடங்கின. கம்பனி அனுப்பிய ஒரு சின்னக் கோப்பை எழும்பும்போது வாசிக்கப் போய் விழுந்தன. திருத்திய கோப்பை இணையத்தில் எடுக்கும் கட்டம் வரை அவற்றால் போகவே முடியவில்லை. கையில் எடுத்துத்தான் திருத்த வேண்டியிருந்தது.

சிப்பை ஹீட்கன்னால் சூடாக்கி "திரும்ப ஈயம் பிடிக்க வைக்கிற" வேலையை நான் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களையும் திருப்பி அனுப்புகிறேன். சூடாக்கியதும் ரீவி வேலை செய்யும், உண்மை. காசும் கையோடு வரும். சில கிழமையில் அதே ரீவி அதே வாசலுக்கு வரும், இந்த முறை போர்ட் வளைந்தபடி.

2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதங்களில்தான் இந்த வகை ரீவிகள் எனக்கு அதிகம் வந்தன. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் ஊர் முழுக்க மோட்டரும் ஃப்ரிட்ஜும் ஒன்றாக எழும்பும். அந்த இழுபறிக்குள் பிளக்கில் குத்தியபடியே ரீவி நிற்கும். புதுப்போர்ட் எடுக்க முடியாத காலம் என்பதால் கப்பாசிட்டர், டயோட் என்று ஒவ்வொன்றாகத் தேடித்தான் திருத்தினோம். தொழிலைப் பொறுத்தவரை அது நல்ல பள்ளிக்கூடம்.

ஆகவே ரீவி நின்று எழும்பத் தொடங்கினால் கடைக்கு ஓடிவர முதல் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் நின்ற நேரத்தையும் அப்போது மோட்டர், கிறைண்டர், மழை என்று என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். பல்ப் மங்கியதா, ரீவியின் சிவப்பு லைட்டும் சேர்ந்து அணைந்ததா என்று பாருங்கள். வட்ட முள்ளுக்கும் சதுர முள்ளுக்கும் இடையில் போட்டிருக்கும் அடப்டர் ஆடுகிறதா என்று ஒருக்கா பாருங்கள். சில பேருக்கு அதோடு வேலை முடிந்துவிடும். கருகிய மணம் வந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கொண்டு வரும்போது ரீவியோடு ரிமோட்டையும் அந்தக் கடதாசியையும், கட்டாயமாக அந்த ஸ்ரெபிலைசரையும் கொண்டுவாருங்கள்.