அந்தலூஸ் காணச் செல்வோருக்கு

ஸ்பெயின் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் எழுவது இன்றைய ஸ்பெயின் அன்று. குர்துபாவின் தூண்களும், கர்னாத்தாவின் செங்கோட்டையான அல்ஹம்ராவும், இஷ்பீலியாவின் மினாராவுமே எழுகின்றன. மீலாது மேடைகளில் கேட்ட சொற்பொழிவுகள் நம்மை அப்படி வளர்த்துவிட்டன. முன்பு ஏட்டில் மட்டுமே கண்ட அந்த மண்ணுக்கு இப்போது நம் ஊர்களிலிருந்தும், வளைகுடாவிலிருந்தும், லண்டனிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் செல்கிறார்கள். இழந்த பெருமையைப் பற்றி எழுதாத ஏடு நம்மிடையே இல்லை. கையில் உள்ள பையை இழக்காமல் திரும்புவது எப்படி என்று எழுதியவர்தாம் குறைவு. லண்டனில் பணிபுரியும் என் தம்பியின் குடும்பத்தோடு பன்னிரண்டு நாள் அங்கே சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஆகவே அந்தச் சிறிய விஷயத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

சிறிய விஷயம் என்றேன். உலகம் சுற்றிய இப்னு பதூதா அதைச் சிறிதாகக் கருதவில்லை. அவர் கி.பி. 1350 வாக்கில் அந்தலூஸுக்கு வந்தார். மர்பெல்லாவிலிருந்து மாலகாவுக்குப் புறப்பட்ட குதிரை வீரர்கள் சிலரோடு சேர்ந்து செல்ல எண்ணியிருந்தார். அவர்கள் முந்திச் சென்றுவிட்டனர். பின்னால் போனவர் வழியில் ஒரு பள்ளத்தில் குதிரை செத்துக் கிடப்பதைக் கண்டார். சற்றுத் தொலைவில் மீன்கூடை ஒன்று சிதறிக் கிடந்தது. சுஹைல் கோட்டைத் தலைவரிடம் விசாரித்தபோதுதான் செய்தி தெரிந்தது: எதிரிகளின் கப்பல்கள் நான்கு கரையோரம் வந்திருந்தன. காவல் கோபுரத்தில் காவலர் இல்லாத வேளை பார்த்து ஆட்கள் கரையிறங்கி, முன்னே சென்ற பன்னிரண்டு பேரில் ஒருவரைக் கொன்று, பத்துப் பேரைச் சிறைபிடித்துச் சென்றிருந்தனர். தப்பியவர் ஒருவரே. கூடைக்குரிய மீனவரும் கொல்லப்பட்டிருந்தார். அன்றிரவு கோட்டையிலேயே தங்கி, மறுநாள் துணையோடுதான் இப்னு பதூதா மாலகா சேர்ந்தார். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நம் மதுரை சுல்தானிடம் விருந்தினராக இருந்துவிட்டுப் புறப்பட்ட இதே மனிதரை மலையாளக் கடலில் கொள்ளையர் மறித்து, காற்சட்டை நீங்கலாக அனைத்தையும் பறித்துக்கொண்டனர். கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் இருந்தவர்கள்தாம் அவருக்கு உடுக்க உடை கொடுத்தார்கள்.

இன்று கப்பலில் வந்து இறங்குவோர் இல்லை. ஆனால் கோபுரத்தில் காவலர் இல்லாத வேளையைப் பார்த்திருப்போர் உள்ளனர். ஸ்பெயின் வன்முறை மலிந்த நாடன்று. இரவு பதினொரு மணிக்குக்கூடப் பாட்டிமாரும் குழந்தைகளும் சதுக்கங்களில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கும் நாடு அது. அங்கே கத்தியைக் காட்டி மிரட்டுவோர் அரிது. விரலால் எடுப்போர்தாம் மிகுதி. பார்ஸிலோனாவின் ராம்ப்லா வீதி, சக்ராதா ஃபமீலியா கோயிலின் வாயில், மாட்ரிடின் சோல் சதுக்கம், ஞாயிறு தோறும் கூடும் ராஸ்த்ரோ சந்தை, இரு நகரங்களின் சுரங்க ரயில்கள் ஆகியவை அவர்களின் வயல்கள். ரயிலின் கதவு மூடும் தறுவாயில் நான்கைந்து பேர் நெருக்கியடித்து ஏறுவார்கள். மறுகணமே இறங்கிவிடுவார்கள். இறங்கியவர் கையில் உங்கள் பணப்பை இருக்கும். உங்கள் சட்டையில் ஏதோ கறை பட்டிருப்பதாகச் சொல்லித் துடைக்க வருபவர், வரைபடத்தை விரித்து வழி கேட்பவர், போலீஸ் என்று கூறிப் பணப்பையைத் திறந்து காட்டச் சொல்பவர் என்று வேடங்கள் பல. மெய்யான போலீஸ்காரர் உங்கள் பணத்தை எண்ணிப் பார்க்கக் கேட்கமாட்டார். வாடகைக் காரில் செல்வோரை நெடுஞ்சாலையில் கைகாட்டி, டயர் பழுது என்று நிறுத்தச் செய்து, அவர் குனிந்து பார்க்கும்போது இருக்கையிலுள்ள பையைக் கவர்வதும் உண்டு. அத்தகைய இடத்தில் நிறுத்தாமல் அடுத்த பெட்ரோல் நிலையம் வரை செல்வதே நலம்.

பகலில், அத்தனை பேர் பார்க்க, இவர்கள் எப்படித் துணிகிறார்கள் என்று தம்பியின் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். சட்டத்தைச் சொன்னார். வன்முறையின்றி 400 யூரோவுக்குக் குறைந்த பொருளை எடுப்பது அந்நாட்டுச் சட்டப்படி சிறு குற்றமே. பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். திரும்பத் திரும்பப் பிடிபடுவோருக்கு 2022-இல் சட்டத்தைச் சற்று இறுக்கியிருக்கிறார்கள். என்றாலும் காலையில் பிடிபட்டவர் மாலையில் அதே ரயிலடியில் நிற்பது புதுமையன்று.

மாட்ரிடில் எம்-30 வட்டச் சாலையை அடுத்து 1992-இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது, நம் பேச்சைக் கேட்டு ஒரு பெரியவர் அருகில் வந்தார். காயல்பட்டினத்துக்காரர், மனைவியோடு வந்திருந்தார். காக்கா என்றும் லாத்தா என்றும் அழைக்கும்படியான பரிவு முதற் பார்வையிலேயே ஏற்பட்டது. ஸ்பெயினைப் பார்த்துவிட்டு மாட்ரிடிலிருந்து ஜித்தா சென்று உம்ராச் செய்வது அவர்களது திட்டம். பார்ஸிலோனாவில் தங்கிய விடுதியின் சிற்றுண்டிக் கூடத்தில், நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்த கைப்பை மறைந்துவிட்டது. இருவர் பாஸ்போர்ட்டும் அதிலேயே இருந்தன. பணத்தை மகன் அனுப்பிவிட்டார். பாஸ்போர்ட்டுக்குத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தந்தது. ஆனால் அது தாயகம் திரும்புவதற்கு மட்டுமே செல்லும். வேறெந்த நாட்டுக்கும் செல்லாது. உம்ரா விசாவோ காணாமற்போன பாஸ்போர்ட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டது.

"காசு போனால் போகட்டும் ஹஜ்ரத். நிய்யத்து வைத்துப் புறப்பட்டு வந்தோமே, ஊரில் எல்லோரிடமும் ஸலாம் சொல்லிவிட்டு வந்தோமே" என்றார். லாத்தா ஒன்றும் பேசவில்லை. முக்காட்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

நாற்காலியில் பையை மாட்டாதவர் நம்மில் யார்? எங்கள் குடும்பத்தில் அன்று மாலையே சில ஏற்பாடுகள் செய்தோம். கணவன் மனைவி பாஸ்போர்ட்டுகள் ஒரே பையில் இருக்கக் கூடாது என்பது முதலாவது. சட்டைக்குள் அணியும் துணிப்பை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் ஜெராக்ஸ் பெட்டியில் ஒன்று, கைப்பேசியில் படமாக ஒன்று, ஊரிலுள்ள உறவினரிடம் ஒன்று. அயல்நாட்டார் தம் அடையாள ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அசலை விடுதியின் பெட்டகத்தில் வைப்போர் பலர். ஆனால் அல்ஹம்ரா செல்லும் நாளில் அது நடவாது. அங்கே நுழைவுச்சீட்டே பெயருக்கும் பாஸ்போர்ட் எண்ணுக்கும் உரியதாகத் தரப்படுகிறது. வாயிலில் அசலையே காட்டவேண்டும். நஸ்ரீ அரண்மனைகளுக்குச் சீட்டில் குறித்த நேரம் தவறினால் அனுமதியும் இல்லை. ஆகவே அன்று அசலும் உடன் வரும், அவசரமும் உடன் வரும், கூட்டமும் இருக்கும். மற்ற நாட்களைவிட அன்று இருமடங்கு கவனம் தேவை.

பயணத்தில் ஒருவரை அமீராக நியமித்துக்கொள்ளும் நபிவழி நமக்குத் தெரிந்ததே. நாங்கள் அமீரோடு ஒரு காவலரையும் நியமித்தோம். தம்பியின் பதினான்கு வயது மகளே அந்தக் காவலர். எல்லோரும் அண்ணாந்து வேலைப்பாட்டைப் பார்க்கும்போது அவள் பைகளைப் பார்ப்பாள். "பெரியத்தா, பை!" என்று அவள் குரல் கொடுத்ததை அங்கே பலமுறை கேட்டேன். முறை மாற்றி, அவள் பார்க்கும்போது நான் காவல். இஷ்பீலியாவின் மினாராவை அவள் அப்படித்தான் நிம்மதியாகப் பார்த்து முடித்தாள்.

எத்தனை கவனமாக இருந்தும் திருட்டு நேர்ந்துவிட்டால் 112 என்ற எண்ணை அழைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் அதுவே அவசர எண், கட்டணமில்லை. தேசியக் காவல் நிலையத்தில் தெனூன்சியா எனப்படும் புகாரைப் பதிந்து, முத்திரையிட்ட நகலைக் கட்டாயம் பெறவேண்டும். அந்தத் தாள் இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு கிட்டாது. மாட்ரிடிலுள்ள இந்தியத் தூதரகமும் முதலில் அதைத்தான் கேட்கும்.

கர்னாத்தாவின் தேவாலயத்தைச் சுற்றியும், இஷ்பீலியாவிலும், குர்துபாவிலும் சில பெண்கள் ரோஸ்மேரிக் கொத்தை நீட்டுவார்கள். மருக்கொழுந்துபோல் மணக்கும் செடி அது. அன்பளிப்பு என்று வாங்கினால் உடனே கையைப் பற்றி ரேகை பார்த்து, ஆசி கூறி, பணம் கேட்டுச் சத்தமிடுவார்கள். குறி கேட்பது நமக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, கையை அவர்களிடம் கொடுத்த வேளையில் பை யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கைகளைக் கட்டிக்கொண்டு நில்லாமல் நடந்துவிட்டால் பின்தொடர்வதில்லை.

இன்னொன்றைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். குர்துபாப் பள்ளிவாசலுக்கு அப்துர் ரஹ்மான் கி.பி. 785 வாக்கில் அடித்தளமிட்டார். 1236-இல் நகரம் வீழ்ந்தபின் அது தேவாலயமாக்கப்பட்டது. இன்றும் கத்தோலிக்கத் திருச்சபையின் கையில் உள்ளது. உள்ளே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. மிஹ்ராபின் முன் நிற்கும்போது நெஞ்சு விம்முவது இயற்கை. ஆயினும் அங்கே தக்பீர் கட்ட முனைவது ஆபத்து. 2010-ஆம் ஆண்டு ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் இளைஞர் குழு ஒன்று தொழ முற்பட்டு, காவலர்களோடு கைகலப்பாகி, இருவர் கைது செய்யப்பட்டனர். உணர்ச்சி நியாயமானதாக இருக்கலாம். வெளிநாட்டுக் காவல் நிலையத்தில் அதை விளக்கிச் சொல்ல நம்மிடம் மொழி இருக்காது. நாங்கள் பார்த்தோம், மௌனமாக ஸலவாத் ஓதினோம், வெளியே வந்தோம். லுஹரை விடுதி அறையில் தொழுதுகொண்டோம்.

முக்காடிட்ட நம் பெண்களுக்கு நாங்கள் சென்ற இடங்களில் தொல்லை ஏதும் நேரவில்லை. 2025 ஜூலையில் முர்சியா மாகாணத்தின் தோரே பச்சேக்கோ ஊரில் குடியேறிகளுக்கு எதிராகக் கலவரம் மூண்டதை மறைப்பதற்கில்லை. அது பயணிகள் செல்லும் ஊரன்று. எனினும் ஊர்வலமோ கூச்சலோ கண்டால் வேடிக்கை பார்க்காமல் விலகிவிடுவது எந்த நாட்டிலும் பொருந்தும்.

வெயிலைப் பற்றி, தமிழ்நாட்டார் நமக்கென்ன என்று எண்ணவேண்டாம். 2021 ஆகஸ்ட் 14 அன்று குர்துபா மாகாணத்தில் 47.6 பாகை பதிவாயிற்று. அந்நாட்டில் அளந்தவற்றுள் அதுவே உச்சம். ஜூலை, ஆகஸ்டில் பகல் இரண்டு முதல் ஆறு வரை ஊர்மக்களே கதவடைத்துக் கிடப்பர். முதியோரை அழைத்துச் செல்வோர் ஏப்ரலையோ அக்டோபரையோ தேர்ந்தெடுக்கலாம். பச்சைச் சிலுவை ஒளிரும் கடைகள் மருந்தகங்கள். முறை வைத்து இரவிலும் திறந்திருப்பது ஒன்றேனும் இருக்கும். கையில் சிறிது ரொக்கமும் வேண்டும். 2025 ஏப்ரல் 28 அன்று நாடு முழுதும் மின்சாரம் நின்று, ரயில்கள் நடுவழியில் நின்றன. அட்டையை மட்டும் நம்பியிருந்தோர் தண்ணீர்ப் புட்டி வாங்கவும் திண்டாடினர்.

கர்னாத்தாவில் அல்பாய்சீன் மேட்டின்மேல் சான் நிக்கோலாஸ் முற்றம் உள்ளது. அல்ஹம்ரா மாலை வெயிலில் சிவப்பதைக் காண அங்கே தோளோடு தோள் உரசக் கூட்டம் நிற்கும். கூட்டமிருக்கும் இடத்தில் விரல்களும் இருக்கும். அதை ஒட்டியே 2003-இல் திறக்கப்பட்ட பள்ளிவாசலும், அதற்குரிய சிறு தோட்டமும் உள்ளன. நாங்கள் சென்றபோது தோட்டத்தில் ஐந்தாறு பேருக்குமேல் இல்லை. அங்கிருந்து பார்த்தாலும் அல்ஹம்ரா அதே அளவில்தான் தெரிகிறது.