சுதந்திர நெல்லும் சாமையும்

பட்டுக்கோட்டைச் சீமையில் மலை கிடையாது. குழந்தைகளுக்கு மேடு என்றால் என்ன என்று காட்டவேண்டுமானால் புதாற்றங்கரையைத்தான் காட்டவேண்டும். ஆகையால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு மலையில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஜாதி, மலைஜாதி. தேன் எடுப்பார்கள், மந்திரம் தெரியும், அதோடு சரி. இத்தனைக்கும் எங்கள் வயலுக்கு வருகிற தண்ணீரில் அவர்கள் ஊர் மழையும் கொஞ்சம் இருக்கிறது. பைக்காராவில் விழுந்த துளி மாயாற்றில் இறங்கி, பவானியில் கலந்து, கூடுதுறையில் காவேரியாகி, கல்லணையில் திரும்பி, 1934-ல் திறந்த புதாறு வழியாக எங்களிடம் வந்து சேருகிறது. தண்ணீருக்குத் தெரிந்த வழி மனிதர்களுக்குத் தெரியவில்லை.

கோத்தகிரியில் ஒரு சிநேகிதர் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோதுதான் மலையின் விஸ்தாரம் எனக்குப் புரிந்தது. நான் சொல்வது நிலத்தின் விஸ்தாரம் அல்ல. தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று சர்க்கார் குறித்து வைத்திருப்பது ஆறு கூட்டத்தாரை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அந்த ஆறு பேருமே இந்த ஒரு ஜில்லாவில் இருக்கிறார்கள். குறும்பரிலேயே ஆலுக் குறும்பர், பெட்டக் குறும்பர், முள்ளுக் குறும்பர் என்று பிரிவுகள். இந்தக் கணக்கில் சேராத படகர்தான் தொகையில் எல்லாரையும்விடப் பெரியவர்கள். தோடர் பேசுவது தமிழுக்கு உறவான பாஷைதான். ஆனால் பக்கத்தில் நின்று கேட்டால் மூங்கில் புதரில் காற்றுச் சீறுகிறாற்போல் இருக்கிறது. ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. கவிழ்த்த பீப்பாய் மாதிரி வீடு, தவழ்ந்து நுழைகிற வாசல், எருமைப் பாலே தெய்வ காரியம். படமெடுக்க வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் போகிறார்கள்.

என் மனம் போனது கோத்தரிடம். ஏழே ஏழு ஊர்கள் அவர்களுக்கு. ஆண்கள் இரும்பு அடிப்பார்கள், மரம் இழைப்பார்கள். பெண்கள் பானை வனைவார்கள். தோடருக்கும் படகருக்கும் கத்தி, கோடாரி, சட்டி பானை எல்லாம் கோத்தர் கொடுத்ததுதான். பதிலுக்குப் படகரிடமிருந்து சாமையும் மற்றத் தானியமும் வரும். தோடரிடமிருந்து நெய் வரும். காட்டிலிருந்து தேனும் மூங்கில் கூடையும் கொண்டுவருகிறவர்கள் குறும்பர். பில்லி சூனியத்துக்குக் காவலும் அவர்கள்தான். சூனியம் வைத்தார்கள் என்று சந்தேகம் வந்தால் உயிர் இழந்ததும் அவர்கள்தான். 19-ஆம் நூற்றாண்டில் அப்படிக் கொலைகள் நடந்திருக்கின்றன.

காசில்லாமல் பல ஜனங்கள் ஒருவரையொருவர் தாங்கி வாழ்ந்த இந்த ஏற்பாட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கெல்லாம் ஒரு சொக்கு உண்டு. சிநேகிதர் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு என் பாட்டனாரின் குரல் ஞாபகத்துக்கு வந்தது. களத்துமேட்டில் நெல் தூற்றியதும் தச்சன், கொல்லன், வண்ணான், நாவிதன், வெட்டியான் என்று ஒவ்வொருவருக்கும் அளந்து போடுவார்களாம். அதற்குப் பெயர் சுதந்திரம். நாடு சுதந்திரம் அடையும் முன்பே எங்கள் ஊரில் அந்த வார்த்தை நெல்லாக இருந்தது! "அந்த நாளிலே யார் வீட்டிலேடா அடுப்பு எரியல்லே?" என்பார் பாட்டனார். அளந்து போட்டவர் அப்படித்தான் சொல்வார். முறத்தை நீட்டி நின்றவன் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

மலையில் அப்படிச் சொன்ன ஆள் ஒருவர் உண்டு. கோத்தருக்கு இன்னொரு கடமை இருந்தது. தோடர் வீட்டிலோ படகர் வீட்டிலோ சாவு விழுந்தால் கொள் என்கிற ஊதுகுழலும் கொம்பும் பறையுமாகப் போய் வாசிக்கவேண்டும். தோடர் சாவில் எருமையைப் பலி கொடுப்பார்கள். உடல் கோத்தருக்குப் போகும். அப்புறம், செத்த எருமையைத் தின்கிறவர்கள் என்று அவர்களையே தாழ்வாகப் பேசுவார்கள். கூலியாகக் கொடுத்ததும் அதுதான், குற்றமாகச் சொன்னதும் அதுதான். எங்கள் பக்கத்துச் சேரிகளுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும்.

கோத்தரில் சுள்ளி என்று ஒரு வாத்தியார் இருந்தார். எமனோ என்ற மொழி ஆராய்ச்சியாளர் 1930-களில் வந்தபோது உட்கார்ந்து கதை கதையாகச் சொன்னவர் அவர்தான். 1944 முதல் 1946 வரை வெளிவந்த கோத்த மொழிக் கதைத் தொகுதிகளில் பெரும் பங்கு அவர் வாய்மொழி. மாண்டல்பாம் என்ற மானிடவியலாளர் அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையே எழுதினார். கோத்த ஆண்கள் கூந்தல் வளர்த்து முடிகிறவர்கள். சுள்ளி ஒரு நாள் அதைக் கத்தரித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார். செத்த மாட்டை விடவேண்டும், பிறத்தியார் சாவுக்கு வாசிக்கப் போகக்கூடாது என்பது அவர் கட்சி. எதிர்த்தவர்கள் வெளியார் அல்லர், அவருடைய சொந்த ஜனங்கள். தெய்வம் கோபிக்கும் என்று பயந்தார்கள். கடைத்தெருவில் சீமைக் கோடாரியும் அலுமினியப் பாத்திரமும் வந்து குவிந்தபின் பழைய கொடுக்கல் வாங்கல் தானாகவே நைந்து போயிற்று. உருளைக்கிழங்கும் தேயிலையும் வந்த இடத்தில் சாமைக்கு இடம் ஏது?

நான் திரும்புவதற்கு முதல் நாள் சிநேகிதர் ஒரு கோத்தரை அழைத்து வந்தார். ஆபீஸ் உத்தியோகஸ்தர், என் வயதுதான் இருக்கும். காப்பி சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன்:

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"கொள் ஊதுவேன் சார்."

"வெளியார் யாராவது கூப்பிட்டால்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தாத்தாவைக் கூப்பிட்டால் போகணும் சார். பனி கொட்டினாலும் போகணும். என்னைக் கேட்பாங்க, 'வர முடியுமா'ன்னு. முடியும்னா போவேன்." பிறகு சற்றே சிரித்தார். "எங்க சாமி அய்யனோருக்கு மட்டும் யாரும் கூப்பிடவேண்டாம். வருஷப் பண்டிகைக்கு வாங்க. விடிய விடிய வாசிப்போம், பெண்டுகள் ஆடுவாங்க. ஸ்வெட்டர் மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க. உங்க தஞ்சாவூர் ஆளுங்க எல்லாரும் அதைத்தான் மறந்துட்டு வராங்க."