கண்டி: கடல் கடந்து வருகிறவர்களும் கடல் கடந்து போனவரும்

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகை, ஏரி, பேராதனைப் பூங்கா மூன்றையும் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். இந்த ஊருக்கு வேறொரு வகை விருந்தாளிகளும் உண்டு. கொண்டு வருவது ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு, ஒரு கல்லறை எண். தேடிப் போவது தெவெனி ராஜசிங்க மாவத்தையில் இருக்கும் போர் மயானத்தை.

தெருவின் பெயரைக் கவனியுங்கள். போர்த்துக்கேயரை மண்டியிட வைத்த இரண்டாம் இராஜசிங்க மன்னனின் பெயர் அது. ஐரோப்பியரை விரட்டியவன் பெயர் தாங்கிய தெருவில் பிரிட்டிஷ் சாம்ராச்சியத்துக்காகச் செத்தவர்கள் படுத்திருக்கிறார்கள். திட்டமிட்டுச் செய்தாலும் இவ்வளவு பொருத்தம் அமையாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்து மயானம் இது. 203 பேர். பிரிட்டிஷார் 107, கிழக்கு ஆப்பிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, கனடியர் 6, இத்தாலியர் 3, பிரெஞ்சுக்காரர் ஒருவர். அடையாளம் தெரியாதவர் இருவர். கண்டியில் குண்டு விழவில்லை. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின; மலைநாட்டுக்கு வரவில்லை. ஆகவே இங்கே இருப்பவர்கள் கண்டியில் சண்டையிட்டு மாண்டவர்கள் அல்லர். தீவில் நிறுத்தப்பட்டிருந்தவர்களும் தீவு வழியாகக் கடந்து போனவர்களுமே இங்கே கிடக்கிறார்கள்.

உறவினர்கள் ஏன் இவ்வளவு தூரம் வர வேண்டும்? முதல் உலகப் போரிலேயே பிரிட்டன் எடுத்த முடிவு அது: செத்தவரைச் செத்த நாட்டிலேயே புதைப்பது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் உடல் மட்டும் கப்பலேறி ஊர் திரும்புவது நியாயமில்லை என்று கருதினார்கள். 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம் அதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். கணவனின் கல்லறையைப் பார்க்க வேண்டுமென்றால் மனைவிதான் கடல் கடக்க வேண்டும். போரில் கணவரை இழந்த பெண்களின் இப்படிப்பட்ட பயணங்களுக்கு பிரிட்டிஷ் அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது 1985இல்தான். அதற்குள் பல பெண்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

எல்லாருக்கும் ஒரே கல் என்பதும் எங்கும் நடந்துவிடவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்கர், இந்தியர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்குமே பொறிக்கப்படாமல் போயிருக்கலாம் என்றும் அதில் இருந்தது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு கண்டி மயானத்தில் நடந்தால், அந்த 35 கிழக்கு ஆப்பிரிக்கக் கல்லறைகளின் முன்னால் கால் தானாக நிற்கும். பிரிட்டனிலிருந்து பேரன் பேத்திகள் வருவார்கள். கென்யாவின் மலைக்கிராமத்திலிருந்தோ மலாவியிலிருந்தோ கண்டிக்கு டிக்கெட் எடுத்து வர எத்தனை குடும்பத்தால் முடியும்?

அந்தக் கிழக்கு ஆப்பிரிக்கப் படையினர் இங்கே வந்த கதை பேராதனையோடு சேர்ந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டெல்லியிலிருந்து தூக்கிக்கொண்டு கண்டிக்கு வந்தார். கட்டளையகம் அமர்ந்தது பேராதனைத் தாவரவியல் பூங்காவில். அவர் தங்கியது கண்டி நகரிலிருந்த ஆளுநர் மாளிகையில். அந்த நேரத்தில் இம்பாலும் கோஹிமாவும் முற்றுகையில் கிடந்தன. இங்கே மூங்கில் புதர்களுக்கும் பனை வரிசைகளுக்கும் நடுவே தட்டச்சுப் பொறிகள் பர்மாவின் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தன. இலங்கையில் பயிற்சி பெற்ற 11ஆவது கிழக்கு ஆப்பிரிக்கப் படைப்பிரிவு அதே ஆண்டு பர்மாவின் கபாவ் பள்ளத்தாக்கில் மழையிலும் மலேரியாவிலும் முன்னேறியது. 1945 நவம்பரில் கட்டளையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

பூங்காவை மகாவலி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொருவை. இதுதான் அசல் போர்க்களம். 1638 மார்ச் 28 அன்று தியோகு டி மெலோ என்ற தளபதி கொண்டுவந்த போர்த்துக்கேயப் படையை இரண்டாம் இராஜசிங்கன் இங்கே சுற்றி வளைத்தான். தளபதியும் மாண்டார். போர்த்துக்கேயரில் உயிரோடு பிடிபட்டவர் 33 பேர் என்பார்கள். இன்று கன்னொருவை விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம். நெல்லும் மரக்கறியும் நாற்று விடுகிறார்கள். லிஸ்பனிலிருந்து யாரும் மாலையோடு வருவதில்லை. முன்னூற்றுச் சொச்சம் ஆண்டு போனால் துக்கமும் ஆறிவிடும்போல.

நகரத்துக்குள்ளேயே இன்னொரு மயானம் இருக்கிறது. தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய நூதனசாலையைத் தாண்டி மேலே ஏறினால் பழைய கரிசன் மயானம். 1817இல் தொடங்கியது. ஜேம்ஸ் மெக்லஷன் என்ற கேப்டன் இங்கே இருக்கிறார். புசாக்கோ, அல்புவேரா, விட்டோரியா, கடைசியில் வாட்டர்லூ என்று நெப்போலியன் காலத்துச் சண்டைகளில் தப்பித்தவர். திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கால்நடையாக வந்து மலேரியாவில் போனார். யானை மிதித்துச் செத்தவர் ஒருவர், வீடு இடிந்து விழுந்து செத்தவர் ஒருவர். 1815இல் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்றச் சூழ்ச்சி செய்த ஜோன் டொயிலியும் இங்கேதான்.

போர் நினைவு என்று நான் மனம் ஒன்றி நிற்கும் இடம் இவை இரண்டும் அல்ல. வட்டபுளுவை. 1803இல் கண்டியைப் பிடித்த பிரிட்டிஷார், முத்துசாமி என்ற நாயக்க இளவரசரைப் பொம்மை அரசராக்கி உட்காரவைத்தார்கள். ஜூன் 24 அன்று கண்டிப் படை திரண்டு வந்தது. பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய மேஜர் டேவி சரணடைந்து படையோடு வெளியேறினார். வட்டபுளுவையில் மகாவலி பெருக்கெடுத்துக் கிடந்தது, கடக்க முடியவில்லை. முத்துசாமியைக் கொடு என்று கண்டி அரசன் ஆள் அனுப்பினான். கொடுத்துவிட்டார்கள். அவர் கொல்லப்பட்டார். பிறகு வெள்ளைச் சிப்பாய்களும் ஒருவர் பின் ஒருவராக வெட்டப்பட்டார்கள். நூரதீன் என்ற மலாய்ப் படைத்தலைவரும் அவருடைய சகோதரரும் கண்டி அரசனிடம் சேவகம் செய்ய மறுத்ததால் சில வாரத்தில் கொல்லப்பட்டார்கள்.

இன்று அந்த இடத்தில் வீட்டுத் திட்டம். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1958இல் வடிவமைத்தது. அங்கே டேவியின் பெயரைச் சொல்லித்தான் சம்பவத்தை நினைவுபடுத்துவார்கள். வேடிக்கை என்னவென்றால், டேவி அன்று சாகவில்லை. சிறைபிடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அடைக்கலம் தருவதாகச் சொன்னவர்களே கைவிட்ட முத்துசாமியை யாரும் நினைப்பதில்லை.

அவரைக் கேட்டு வாங்கிய அரசனின் முடிவும் வெளிநாட்டில்தான். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், இயற்பெயர் கண்ணுசாமி. 1816இல் கப்பலேற்றப்பட்டு வேலூரில் சிறைவைக்கப்பட்டார். 1832 ஜனவரி 30இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதியைச் சுற்றி எழுப்பப்பட்ட முத்து மண்டபம் இருக்கிறது. கண்டிக்கு பிரிட்டிஷார் வருவதுபோல, இலங்கையரும் வேலூருக்குப் போகிறார்கள்.

போரில் மாண்டவர்களை நினைக்கும் நவம்பர் 11 நாளுக்கே இத்தீவில் ஒரு சண்டை நடந்திருக்கிறது. அன்று பொப்பிப் பூ விற்ற காசு பிரிட்டனுக்குப் போகிறதே என்று 1930களில் இளைஞர்கள் சூரியமல் இயக்கம் தொடங்கினார்கள். நம்மூர்ப் பூவரசம்பூவை விற்றார்கள். இயக்கத்தைச் சேர்ந்த டொரீன் விக்கிரமசிங்க அதைப் பூக்களின் போர் என்று எழுதினார். 1934–35 மலேரியாவில் கிராமம் கிராமமாக மருந்து கொண்டுபோனவர்களும் இவர்களே. செத்தவரை நினைப்பது ஒன்று, யாருக்காகச் செத்தார் என்று கேட்பது இன்னொன்று. இரண்டுக்கும் கண்டியில் இடம் உண்டு.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள், கட்டணமில்லை. கண்டியிலுள்ள 23 இந்தியக் கல்லறைகளில் ஒன்று உங்கள் ஊர்க்காரருடையதாகவும் இருக்கலாம். கொழும்புக் கோட்டையிலிருந்து ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். கண்டி நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். மயானத்துக்கு நுழைவுச்சீட்டு கிடையாது.