பெயர் பிறந்த வீடு

வாஷிங்டன் என்றதும் அமெரிக்காவின் தலைநகரம்தானே உங்கள் நினைவுக்கு வருகிறது? அந்தப் பெயருக்குப் பிறந்தகம் இங்கிலாந்தில் இருக்கிறது, வாசகர்களே! வாருங்கள், பார்த்துவிட்டு வருவோம்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, பழைய டர்ஹாம் ஜில்லாவில் வாஷிங்டன் என்று ஓர் ஊர். மாதா கோயிலை அடுத்து ஒரு கல் மாளிகை. 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்ற பிரபு இந்த ஊருக்குக் குடிவந்தார். ஊர்ப் பெயரே வம்சப் பெயராயிற்று. அந்த வம்சத்தில் வந்த ஜான் வாஷிங்டன் 1650-களில் கப்பலேறி விர்ஜீனியா போய்ச் சேர்ந்தார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன். அவருக்கோ பிள்ளையே இல்லை!

ஆனாலும் 2000-ஆம் வருஷக் கணக்குப்படி அமெரிக்காவில் இந்தப் பெயர்க்காரர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்கள். ஆச்சரியமாக இல்லை?

1865-ல் அடிமைத்தளை அறுந்தது. விடுதலை பெற்றவர்கள் பலர் தங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரைத் தேடிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் முழுப் பெயரைக் கேட்டபோது, ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்த ஒரு சிறுவன், "புக்கர் வாஷிங்டன்" என்று பளிச்சென்று சொன்னான். பிற்காலத்தில் டஸ்கிகீ கல்விச்சாலையை வளர்த்த மேதை அவரே.

ஜார்ஜ் வாஷிங்டன் அடிமைகளை வைத்திருந்தவர். அவர் பெயரை இன்று வாழ வைப்பவர்களில் பெரும்பாலோர் அடிமைகளின் சந்ததியார்!

1930-களில் இடிபட இருந்த அந்த மாளிகையை ஊரார் காப்பாற்றினார்கள். இங்கிலாந்து போனால் அவசியம் பாருங்கள்.