துருப்பிடித்த சால்

பல்லடத்துக்குத் தெற்கே பிரயாணம் செய்வோர் காற்றாலைகளையும் தென்னந்தோப்புகளையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். தோட்டத்து மாட்டுக் கொட்டகையின் பின்புறத்தை எட்டிப் பார்ப்பவர் அரியர். எங்கள் சிற்றப்பாவின் தோட்டத்தில் அவ்விடத்தே ஓர் இரும்புச் சால் கிடக்கிறது.

காவி, செம்மண், காய்ந்த மாதுளந்தோல் ஆகிய நிறங்கள் யாவும் அதன் மேனியில் உண்டு. செம்பில் படரும் பச்சைப் பூச்சு அடியிலுள்ள உலோகத்தைப் பெரும்பாலும் காக்கும். இரும்பின் துருவோ செதில் செதிலாக உதிர்ந்து, காற்றும் ஈரமும் மேலும் உள்ளே புக வழிவிடும். தன்னையே தின்று வளரும் விசித்திரமான அழகு இது!

எருதுகள் வாரியில் இறங்க, இந்தச் சால் நீரோடு மேலே வந்து, தோல் தும்பியின் வழியே வாய்க்காலில் கொட்டும். 1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்தது. கோயம்புத்தூர்ச் சீமைக் கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் பம்புகள் ஏறின, எருதுகள் ஓய்ந்தன. குறை சொல்வதற்கில்லை. விடியுமுன் எழுந்து கவலை இறைத்தவர்களுக்கல்லவோ அந்தக் கஷ்டம் தெரியும்!

சாலின் விளிம்பு ஒரு புறம் மட்டும் காகிதம்போல் மெலிந்திருக்கிறது. கிணற்றுச் சுவரில் பல்லாண்டு உரசிய தேய்வு அது.

சென்ற மாதம் பழைய இரும்பு வியாபாரி தராசுடன் வந்தார்.

"தேயாம இருந்தா இன்னும் ரெண்டு கிலோ கூட வருமுங்க" என்றார்.

"அந்தத் தேஞ்ச எடத்துக்கு என்ன வெல போடுவீங்க?" என்று கேட்டார் சிற்றப்பா.

வியாபாரி சிரித்துவிட்டு, உடைந்த குழாய்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார். சாலில் வைக்கோலைப் பரப்பிச் சின்னம்மா இப்போது கோழியை அடை வைத்திருக்கிறார்.