சோடாபுட்டிக்கு ஒரு வானம்!

'525 மடங்கு பெரிதாகத் தெரியும்!'

அட்டைப்பெட்டி மேல கொட்டை எழுத்துல இப்படிப் போட்டிருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? நான் உடனே வாங்கிட்டேன். ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறப்போ, பக்கத்து வீட்டுப் பசங்களுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. மொட்டை மாடியில டெலஸ்கோப்பை நிறுத்தி வியாழன் கிரகத்தைப் பார்த்தா... ஜீராவுல மிதக்கிற ரசகுல்லா மாதிரி ஒரு வெள்ளைக் கலங்கல்! அதுவும் நாலு செகண்ட்ல ஓடிப் போயிடுச்சு.

டெலஸ்கோப்பைச் சந்தேகப்படத் தோணலை. என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். ஏன்னா, நான் ஆறாம் கிளாஸ்ல இருந்தே சோடாபுட்டி. பவர் மைனஸ் நாலரை, கொசுறா சிலிண்டர் பவரும் உண்டு. 'நமக்கெல்லாம் வானம் கிடையாது'ன்னு முடிவு பண்ணி, டெலஸ்கோப்பைப் பரண்ல ஏத்திட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு, கையில பதினஞ்சாயிரம் சேர்ந்துச்சு. பாழாப்போன ஆசை மறுபடி தலைதூக்க, 'ஒரு நல்ல ஐபீஸ் வாங்கலாமா?'ன்னு காலேஜ் சீனியர் அண்ணன்கிட்ட கேட்டேன். ஐபீஸ்னா புதுசா எதுவும் இல்லீங்க. ப்ளஸ் டூ பிசிக்ஸ்ல 'கண்ணருகு லென்ஸ்'னு படிச்சோமே, அதேதான். அண்ணன் சொன்னது ஒரே வரி: "காசை அப்படியே வை. பிப்ரவரி அமாவாசைக்கு ஜவ்வாது மலைக்கு வா!"

சனிக்கிழமை காலையில வாணியம்பாடியில ரயிலை விட்டு இறங்கினோம். பிரியாணிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு ஆலங்காயம் பஸ். அங்கேயிருந்து மலை ஏறினா காவலூர். பஸ் ஜன்னல் வழியா காத்து சும்மா ஜிலுஜிலுன்னு அடிக்குது. மரங்களுக்கு நடுவுல திடீர்னு ஒரு பிரமாண்ட வெள்ளைக் குவிமாடம் எட்டிப் பார்க்கும். அதுதான் வைணு பாப்பு வானாய்வகம்!

1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் இங்கேதான் இருக்கு. நம்ம நாட்டுலேயே வடிவமைச்சு உருவாக்கினது. பக்கத்துலேயே 1972-ல இருந்து வானம் பார்க்கிற ஒரு மீட்டர் டெலஸ்கோப். 1977-ல யுரேனஸுக்கு வளையங்கள் இருக்குன்னு உலகம் கண்டுபிடிச்சதுல இதுக்கும் பங்கு உண்டு. ஏன் இந்த மலை? பூமத்திய ரேகைக்குப் பக்கம்கிறதால வடக்கு வானத்தோட தெற்கு வானமும் நிறையத் தெரியும். (விசிட்டர்களை விடுற நாள், நேரம் ரெண்டையும் முன்கூட்டியே விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.)

இவ்ளோ பெரிய டெலஸ்கோப்ல கண்ணை எங்கே வச்சுப் பார்ப்பாங்க? விஞ்ஞானிகள் யாரும் கண்ணை வச்சுப் பார்க்கிறதே இல்லை. வர்ற வெளிச்சம் கேமராவுக்கும் நிறமாலைமானிக்கும் போயிடும். ஐபீஸ்ங்கிறது நம்மள மாதிரி அமெச்சூர்களுக்கு மட்டுமே கிடைச்ச பாக்கியம்!

சாயந்தரம் கொஞ்சம் தள்ளி ஒரு மலைக்கிராமம். ஒரு விவசாயியோட களத்துமேட்டுல முகாம் போட்டோம். வீட்டுக்காரம்மா சுடச்சுட சாமைச் சோறு போட்டாங்க. டார்ச் லைட் மேல சிவப்பு ஜிகினாத்தாள் ஒட்டியாச்சு. பேங்க் வேலையில இருக்கிற ஒரு அங்கிள், கார்ல இருந்து எட்டு இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப்பை இறக்கினார். கூடவே நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே ஐபீஸ்கள்!

முதல் பாடம், கணக்கு. டெலஸ்கோப்போட குவிய தூரத்தை ஐபீஸோட குவிய தூரத்தால வகுத்தா எத்தனை மடங்குன்னு தெரிஞ்சிடும். அங்கிள் டெலஸ்கோப் 1200 மி.மீ.; 10 மி.மீ. ஐபீஸ் போட்டா 120 மடங்கு. ஆனா, இஷ்டத்துக்கு ஏத்த முடியாது. கண்ணாடியோ லென்ஸோ, அதோட விட்டம் எத்தனை மி.மீட்டரோ, அதுல ரெண்டு மடங்குதான் உச்சவரம்பு. என்னோட 70 மி.மீ. குட்டிக்கு 140. அட்டைப்பெட்டி சொன்னது 525. இப்போ புரியுதா ரசகுல்லா ரகசியம்?

ரெண்டாவது பாடம், அகலம். சாதா பிளாசல் ஐபீஸ்ல ஏறக்குறைய 50 டிகிரி வட்டம் தெரியும். அப்போலோ வீரர்களோட பயிற்சிக் கருவிக்கு ஒளியியல் வடிவமைச்ச ஆல் நாக்லர், 1980-ல 82 டிகிரி ஐபீஸைக் கொண்டுவந்தார். அவரோட டெலிவ்யூ கம்பெனி 2007-ல 100 டிகிரியைத் தொட்டுச்சு. அங்கிள் 13 மி.மீ. நாக்லரை மாட்டினார். அண்ணன் குனிஞ்சவர், "மச்சி, ஓரமே தெரியலடா! விண்வெளியில மிதக்கிற மாதிரி இருக்கு!"ன்னு கத்தினார்.

அடுத்து நான். கண்ணாடியோட குனிஞ்சா சுத்தி ஓரம் மறையுது. கழட்டிட்டுப் பார்த்தா, ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மீசை முளைக்குது! அவ்ளோ விலை உயர்ந்த ஐபீஸ்லகூட எனக்கு இதே கதின்னா... தொண்டையை என்னமோ அடைச்சுது. "எனக்குத் தெரியலை அங்கிள். என் கண்ணு அப்படி"ன்னு ஒதுங்கிட்டேன்.

"பவர் என்னப்பா?"ன்னார். சொன்னேன். "கிட்டப்பார்வையை ஃபோகஸ் திருகே சரிபண்ணிடும். சிலிண்டரை அது சரிபண்ணாது. நீ கண்ணாடியோட பார்க்கிறதுதான் சரி. உனக்கு வேண்டியது ஐ ரிலீஃப்!"

இதுதான் மூணாவது பாடம். முழு வட்டமும் தெரியணும்னா, ஐபீஸோட கடைசி லென்ஸ்ல இருந்து கண்ணு எவ்ளோ தூரம் தள்ளி இருக்கலாம்? அந்தத் தூரம்தான் ஐ ரிலீஃப். 10 மி.மீ. பிளாசல்ல சுமார் 7 மி.மீ.தான். அந்த நாக்லர்ல 12. கண்ணாடி போட்டவங்களுக்கு 15-ல இருந்து 20 வேணும்.

அங்கிள் வேற ஒண்ணை மாட்டினார். 10 மி.மீ. டெலோஸ். அகலம் 72 டிகிரிதான், ஆனா ஐ ரிலீஃப் 20 மி.மீ.! கண்ணாடியைக் கழட்டாமலே குனிஞ்சேன். ஓரையன் நெபுலா... பச்சை கலந்த புகை மாதிரி சிறகு விரிச்சு நிக்குது. நடுவுல குண்டூசி முனையா நாலு நட்சத்திரம். மீசை இல்லை, கலங்கல் இல்லை. புள்ளின்னா புள்ளி!

பின்னாடி க்யூ நிக்கிறது தெரிஞ்சும் நகரலைங்க. ரெண்டு வருஷமா என் கண்ணைத் திட்டிக்கிட்டு இருந்தேனே!

விடியக்காலை நாலு மணி. பல்லு கிடுகிடுக்கிற குளிர்ல தெற்குப் பக்கம் ஒமேகா சென்டாரி. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு பொட்டு. ஐபீஸ்ல வட்டம் முழுக்க நிறைஞ்சு வழியுற ரவை! கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரங்கள் இருக்கிற கூட்டமாம். ராத்திரியெல்லாம் வளவளத்த எங்க செட்டு, அப்போ கப்சிப்.

இறங்கும்போது அங்கிள்கிட்ட, "அந்த ஐபீஸ் என் பதினஞ்சாயிரத்துக்கு வருமா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். "இப்போ வராது. வேலைக்குப் போய் வாங்கு. டெலஸ்கோப் மாறிக்கிட்டே இருக்கும், நல்ல ஐபீஸ் ஆயுசுக்கும் கூட வரும். உன் டெலஸ்கோப் எஃப்/10. அதுல சாதாரண ஐபீஸே ஓரம் வரைக்கும் ஓரளவு நல்லாக் காட்டும். எஃப்/5 வச்சிருக்கிறவனுக்குத்தான் மலிவு ஐபீஸ்ல ஓரத்து நட்சத்திரம் பறவையா மாறும். உன் கண்ணுக்குப் பொருந்துறதை மட்டும் பாரு!"

கடைசியில செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். பெரிய பேர் இல்லை. 15 மி.மீ., 60 டிகிரி, ஐ ரிலீஃப் 16. பதினஞ்சாயிரத்துல பாதிக்கு மேல மிச்சம்!

நீங்களும் வாங்கப் போறீங்களா?

* வாங்குறதுக்கு முன்னாடி, யார்கிட்டயாவது ஓசியில ஒரு ராத்திரி பார்த்துடுங்க. உங்க கண்ணு சொல்றதுதான் ஃபைனல் மார்க்.

* பெட்டியில மடங்கைப் படிக்காதீங்க. அகலம், ஐ ரிலீஃப், டெலஸ்கோப்போட எஃப் நம்பர், இந்த மூணையும் கேளுங்க.

* பனி படிஞ்சா சட்டை நுனியால துடைக்கவே கூடாது. மூடி போட்டு, பாக்கெட்டுக்குள்ள வச்சா சூட்டுல தானா போயிடும்.

* சென்னை மாதிரி ஈரப்பத ஊர்ல லென்ஸுக்குள்ள பூஞ்சை வரும். டப்பாவுக்குள்ள சிலிகா ஜெல் பாக்கெட் கட்டாயம்.

ஊருக்கு வந்ததும் பரண்ல இருந்து என் 70 மி.மீ. குட்டியை இறக்கினேன். புது ஐபீஸ், 47 மடங்கு, அதே மொட்டை மாடி, அதே வியாழன். துணி எடுக்க வந்த அம்மாவைப் பிடிச்சு நிறுத்தினேன். கண்ணாடியைக் கழட்டப் போனாங்க.

"கழட்டாதேம்மா, அப்படியே பாரு!"

குனிஞ்சாங்க. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாங்க...

"ஆமா, பக்கத்துல வரிசையா நாலு புள்ளி தெரியுதே, அதெல்லாம் என்ன?"